மைனஸ் இருபத்தஞ்சில் ஒரு கொசு

1

இந்தக் குளிர்காலத்தில் முழுசாக ஒரு வாரம், என் அக்கா வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில், ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். அக்காவுக்குச் சொல்லவில்லை. கேளம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்து, இருபது வருஷமாகக் கனடாவில் இருக்கும் ஒருவன், விமானம் ஏறி வந்து மாமல்லபுரத்தில் ரூம் போட்டுப் பறவைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான் என்று கேள்விப்பட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? நானாக இருந்தால் அவனைச் செருப்பால் அடிக்கச் சொல்வேன்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன் என் மனைவி ரெஹானா என்னை விட்டுப் பிரிந்து போனாள். அடிதடி எதுவும் இல்லை. வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பதைப் பற்றி மட்டும் என்று ஆனபோது, அவள் நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு வீடு பார்த்துக்கொண்டாள். பதினாறு வயது மகள் சாரா அவளோடு இருக்கிறாள். எனக்கு மாற்று வார ஞாயிறுகள்.

இதை நஸீமா அக்காவிடம் நான் சொல்லவில்லை. என் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் அலைந்து சாமான் வாங்கியவள் அவள். அவளிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னாலும் அவ்வளவு தூரத்திலிருந்து அவளால் என்ன செய்ய முடியும், ராத்தூக்கம்தான் கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரெஹானா மலேசியாவில் வளர்ந்தவள் என்பதால் அவள் பக்கத்து உறவு யாரும் இந்தப் பக்கம் கிடையாது. செய்தி தானாக வந்து சேர வழியில்லை. குடும்ப வாட்ஸப் குரூப்பில் யாராவது ‘ரெஹானாவைக் காணோமே’ என்று கேட்பார்கள் என்று பயந்து, அதிலிருந்தும் விலகிக்கொண்டேன். வேலை அதிகம் என்று காரணம் சொன்னேன். எனக்கு வாய்த்த சாமர்த்தியம் அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமைதான். வாரா வாரம் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வேலைக்குக் கிளம்புமுன், கால்கரியிலிருந்து அக்காவை வீடியோவில் கூப்பிடுவேன். அங்கே அப்போது இரவு ஏழரை. ரெஹானா எங்கே என்பாள். குளிக்கிறாள் என்பேன். பாப்பா? தூங்குகிறாள். நானும் கேட்பேன், ஜாபர் மச்சான் எங்கேக்கா? கடையில கீறாரு என்பாள். கேளம்பாக்கத்தில் மச்சானுக்கு ஹார்டுவேர் கடை. ஐ.டி. ஆட்களுக்குக் கட்டிய அடுக்குமாடிகளில் பாதிக்குக் குழாயும் பூட்டும் அவர் கடையிலிருந்து போனவைதான். பத்து நிமிஷத்தில் பேச்சு முடியும். பிறகு நான் ஒருத்தனுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு, கார்க் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்டப் போவேன்.

2

டிசம்பர் கடைசியில் நானும் சாராவும் காரை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போவது வழக்கம். அவளுக்கு எட்டு வயதிலிருந்து. நான் வண்டி ஓட்டுவேன், அவள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு மிருகங்களைத் தேடுவாள். “அத்தா, ரெண்டு மணி!” என்றால் கடிகாரத்தில் இரண்டு இருக்கும் திசையில் ஏதோ நிற்கிறது என்று அர்த்தம். சுருள்கொம்பு மலையாடுகள் செங்குத்தான பாறையில் நான்கு காலையும் ஒரே இடத்தில் ஊன்றி நிற்கும். பனியில் கேமரா பேட்டரி செத்துப்போகும். அவள் அதை வாங்கித் தன் கையுறைக்குள் வைத்துச் சூடாக்கித் தருவாள். என் நல்ல படங்கள் எல்லாம் அவள் உள்ளங்கையில் சூடான பேட்டரியில் எடுத்தவை.

இந்த வருஷம் ஒரு மெசேஜ் வந்தது. ஃப்ரெண்ட்ஸோடு பனிச்சறுக்கு போகிறாளாம். ஸாரி அத்தா என்று போட்டு, கூடவே ஒரு மூஞ்சிப் பொம்மை. அவள் மேல் தப்பு ஒன்றும் இல்லை. வயசு அப்படி. நான் அந்தப் பொம்மையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தனியாக மலைக்குப் போகலாம் என்று ஒருநாள் காரை எடுத்து, ஊர் எல்லைகூடத் தாண்டாமல் திரும்பி வந்தேன். பக்கத்து சீட் காலியாக இருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. எடுத்த லீவு வீணாகக் கூடாது என்று ஜனவரியில் சென்னைக்கு டிக்கெட் போட்டேன்.

சாராவிடம் மட்டும் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னேன். “அத்தைக்கு சலாம் சொல்லுங்க” என்றாள். அவள் தமிழில் இன்னும் ஒழுங்காகச் சொல்லும் வாக்கியங்களில் அது ஒன்று.

3

மாமல்லபுரம் லாட்ஜில் கனடா பாஸ்போர்ட்டை நீட்டியதும் கவுண்ட்டரில் இருந்தவர் என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சொந்த ஊர் எது சார்?”

“இங்கதான், கேளம்பாக்கம்.”

“கேளம்பாக்கத்துக்காரு, ஃபாரின்காரங்க ஃபாரம் எழுதணுமா? இன்னா கொடும சார் இது. சரி, ரூல்ஸு. ஒரு கட்டம் வுடாம எழுதுங்க. காலியா வுட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது.”

எங்கிருந்து வருகிறாய், எதற்கு வருகிறாய், எப்போது தொலைவாய் என்று ஃபாரம் வரிசையாகக் கேட்டது. சுற்றுலா என்று எழுதினேன். சொந்த ஊருக்குச் சுற்றுலா. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கட்டம்: இந்தியாவில் உள்ள உறவினர் பெயர், முகவரி.

பேனா நின்றுவிட்டது. அக்கா பெயரை எழுதினால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து யாராவது விசாரிக்கப் போய்விட்டால்? இப்படியெல்லாம் யோசிப்பது பொய் சொல்பவனின் வியாதி. ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

4

வலது பக்கமே ஓட்டிப் பழகிய கையோடு நம்ம ஊர் ரோட்டில் இறங்க தைரியமில்லை. லாட்ஜில் சொல்லி டிரைவரோடு ஒரு கார் எடுத்தேன். டிரைவர் பேர் சேகர். படாளத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாளே எனக்குச் சட்டம் போட்டார்.

“சார், இன்னா நீங்க, டீ வாங்கியாந்தா தேங்க்ஸு, கதவத் தொறந்தா தேங்க்ஸு, பிரேக் போட்டாக்கூட தேங்க்ஸுன்றீங்க. எனக்குப் பேஜாரா கீது. ஊருக்குப் போறப்போ மொத்தமா ஒண்ணு சொல்லிடுங்க.”

கழிமுகத்தில் பூநாரைகள் இறங்கியிருக்கின்றன என்று அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். நல்ல வெளிச்சத்துக்குக் கேளம்பாக்கம் பக்கத்துக் கரைதான் தோது. ஆனால் அங்கே போக, கோவளம் ரோடு பிரியும் ஜங்ஷனைத் தாண்டவேண்டும். ஜங்ஷனில்தான் மச்சான் கடை. ஷேர் ஆட்டோக்களின் நெரிசலில் வண்டி நகராது. முதல் நாள் ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்தேன். இரண்டாம் நாள் பின்சீட்டில் அப்படியே படுத்துவிட்டேன். சேகர் கண்ணாடியில் பார்த்தார்.

“இன்னா சார், போலீஸ் கேஸு எதுனா கீதா?”

“முதுகு வலிப்பா.”

“இந்த ஜங்ஷன்ல மட்டும் வலிக்குதே, அது இன்னா முதுகு சார்?”

இந்த ஆளிடம் பொய் சொல்லவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் மனம் வரவில்லை. பூநாரைகளை எடுத்தேன். நூற்றுக்கணக்கில் நின்றன. குளிருக்கு ஊர்விட்டு ஊர் வரும் பறவையோடு தன்னை ஒப்பிட்டு எழுதுவது என்னைப் போன்றவர்களுக்குப் பழக்கம். நானும் எழுதியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன், அது சுத்தப் பொய். பறவை கூட்டத்தோடு வருகிறது.

5

செங்கல்பட்டைத் தாண்டி ஒரு கைவிடப்பட்ட கல்குவாரி. சேகர் அங்கே கூட்டிப்போனார். மார்கழி முடிந்தும் பனி விலகாத காலை. மலையைப் பாதியாக அறுத்து எடுத்த மாதிரி செங்குத்துச் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். ராக்கி மலைக்கு நூறு மைல் ஓட்டிப்போய் நான் தேடிய முரட்டுப் பாறை நம் வீட்டுக் கொல்லையிலேயே இருந்திருக்கிறது. அதைப் பார்க்க எனக்குக் கேமரா தேவைப்பட்டிருக்கிறது.

“எங்க நைனா இங்கதான் கல்லு ஒடச்சாரு சார். அதோ, மேல தெரியுதுல்ல, அந்த மட்டத்துல கவுத்தைக் கட்டிகினு தொங்குவாரு” என்றார் சேகர். “அவரு கஷ்டம் எனக்கு வாணாம்னுதான் லைசென்ஸ் எடுத்துக் குடுத்தாரு. ஷ்ஷ்... அசையாதீங்க. அந்தப் பொந்துல பாருங்க.”

கொம்பன் ஆந்தை. பாறையின் நிறத்திலேயே, இரண்டு காதுக் கொம்பும் நிமிர்ந்து, ஆரஞ்சுக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இருபது வருஷத்தில் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை. எடுத்து முடித்துத் திரையைப் பார்த்தபோது வாய் தானாக “அடேயப்பா, பாரேன்!” என்று சொல்ல, தலையும் கூடவே திரும்பியது. திரும்பிய பக்கம் யாரும் இல்லை. சேகர் தள்ளிப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஸ்பீக்கரில், “துன்னியா இன்னும் இல்லியா? எங்க கீற? எப்ப வருவ?” என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அவர் “வந்துகினே கீறம்மா, கத்தாத” என்றார்.

ஒரு நாளைக்கு நான்கு தடவை அந்தப் போன் வரும். அவர் சலித்துக்கொள்வார். எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அழுகை வருகிற அளவுக்குப் பொறாமை.

ஆந்தையை சாராவுக்கு அனுப்பினேன். ஏழு மணி நேரம் கழித்து ஒரு சிவப்பு இதயம் வந்தது. அடுத்த வரியில் ‘அத்தைகிட்ட காட்டினீங்களா?’

6

வெள்ளிக்கிழமை வந்தது. கூப்பிடாவிட்டால் அக்கா பயந்துவிடுவாள். கூப்பிட்டால் மாட்டிக்கொள்வேன். நான் போட்ட திட்டத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கால்கரியில் ஜனவரியில் காலை ஏழு மணிக்கும் இருட்டு, இங்கே இரவு ஏழரைக்கும் இருட்டு. ஜன்னல் ஒரு பிரச்சினை இல்லை. ஏசியைப் பதினாறில் வைத்தேன். வந்த அன்று கழற்றிய பனிக்கோட்டை மாட்டி, கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு, வெள்ளைச் சுவருக்கு முன் உட்கார்ந்து கூப்பிட்டேன்.

“என்னாடா வூட்டுக்குள்ளயே கோட்டு?” என்றாள் அக்கா. அவள் முகமும் பின்னால் நீலச் சுவரும் மட்டும் தெரிந்தன. சில மாதங்களாகவே அதே சுவர்தான். முகம் இளைத்திருந்தது.

“ஹீட்டர் ரிப்பேருக்கா. வெளிய மைனஸ் இருபத்தஞ்சு.”

“அல்லா! ரெஹானா எங்க?”

“குளிக்கிறா.”

“ஹீட்டர் இல்லாமயா?”

“சுடுதண்ணி வருதுக்கா. அது வேற மிஷினு. மச்சான்?”

“கடையில கீறாரு” என்றாள். வழக்கம்போல் உடனே சொன்னாள்.

அவள் ஏதோ பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசினாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் கழுத்தில் சுருக்கென்றது. யோசிக்கவே இல்லை. பளாரென்று ஒன்று போட்டு, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். ரத்தம். அதைக் கோட்டில் துடைத்தேன்.

பிறந்த ஊர்க் கை. இருபது வருஷப் பனியிலும் மறக்கவில்லை.

அக்கா பேச்சை நிறுத்தினாள். என்னையே பார்த்தாள்.

“இன்னாடா அடிச்ச?”

“ஒண்ணுமில்லக்கா, கோட்டு அரிக்குது.”

“ஓ” என்றாள். அவ்வளவுதான். “சரி, ஒடம்பப் பாத்துக்கோ” என்று வைத்துவிட்டாள். நான் கோட்டைக் கழற்றி வீசிவிட்டு வியர்வையைத் துடைத்தேன். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். நஸீமா அக்காவிடம் ஐம்பது வருஷத்தில் ஒருதடவைகூட நான் தப்பித்ததில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

7

மறுநாள் காலை வேடந்தாங்கல். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி நின்றேன். ஏரி மரமெல்லாம் நாரையும் கொக்கும் அரிவாள்மூக்கனும். ஒரே இரைச்சல். பள்ளிக்கூடத்தில் மணி அடித்த மாதிரி. சிறுவயதில் அத்தா எங்கள் இருவரையும் ஜனவரி ஆனால் இங்கே பஸ்ஸில் கூட்டிவருவார். அக்கா கடலைப் பொட்டலத்தைத் தர மாட்டாள்.

போன் அடித்தது. அவள்தான். வீடியோ இல்லை, வெறும் கால். கையால் மூடிக்கொண்டு எடுத்தேன்.

“இன்னாடா, கனடாவுல இவ்ளோ கொக்கு கத்துது?” என்றாள்.

கோபுரத்தின் மூலைக்கு நகர்ந்தேன்.

“நேத்தே தெரிஞ்சிபோச்சு. மைனஸ் இருபத்தஞ்சுல கொசு கடிக்குதா ஒனக்கு? ராவெல்லாம் நான் தூங்கல. எதுக்கு வந்தான், யாருகிட்ட கோச்சிகினான், நம்ம இன்னா தப்பு பண்ணோம்னு.” அவள் குரல் உடைந்தது. பிறகு சரிசெய்துகொண்டாள். “போவட்டும். எதுவும் கேக்கல. வேடந்தாங்கல் இன்னா தூரமா, மத்தியானம் சாப்புட வந்துருங்க. எத்தினி பேருக்கு ஒல வெக்கட்டும்?”

மூன்று பேர் என்பதற்குத்தான் அவள் காத்திருந்தாள். அடுத்த பொய்யும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ரெஹானாவும் பாப்பாவும் வரவில்லை, பரீட்சை. எவ்வளவு சுலபம்.

“ஒருத்தனுக்கு வைக்கா” என்றேன். “இனிமே ஒருத்தன்தான்.”

கோபுரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் பைனாகுலர் வைத்திருந்த குடும்பம் நகர்ந்து இடம் விட்டது. பறவைகள் கத்திக்கொண்டே இருந்தன.

“எத்தினி நாளாச்சு?”

“ஒன்றரை வருஷம்.”

“ஒன்றரை வருஷமா அவ குளிச்சிகினே இருந்தாளாடா?” என்றாள் அக்கா. அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

“பாப்பா சலாம் சொல்லச் சொன்னாக்கா.”

“வ அலைக்கும் ஸலாம். அந்தப் புள்ளையாச்சும் சொல்லிச்சே.” மூக்கை உறிஞ்சினாள். “வா. இங்கயும் ஒண்ணு கீது. போன்ல சொல்ல மாட்டேன். வந்து பாரு.”

8

செங்கல்பட்டு, திருப்போரூர் வழியாக வந்தோம். கேளம்பாக்கம் ஜங்ஷனில் வழக்கம்போல் நெரிசல். சேகர் கண்ணாடியில் பார்த்தார்.

“இன்னிக்கு முதுகு வலிக்கலியா சார்?”

“இல்லப்பா” என்று நிமிர்ந்து உட்கார்ந்து, இடது பக்கம் பார்த்தேன்.

மச்சான் கடை ஷட்டர் மூடியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம், பக்கத்தில் எல்லாக் கடையும் திறந்து கிடக்க, அது மட்டும் மூடியிருந்தது. பூட்டில் துரு. ஷட்டரில் சினிமா போஸ்டர் மேல் போஸ்டராக ஒட்டிக் கிழிந்திருந்தது. பெயர்ப்பலகைக்குக் கீழே ‘வாடகைக்கு விடப்படும்’ என்று ஒரு அட்டை, அதுவும் வெயிலில் வெளுத்துப்போய். இரண்டு தடவை இந்த இடத்தைத் தாண்டினேன். இரண்டு தடவையும் தலையை ஜன்னலுக்கு மேலே தூக்கவில்லை.

வீட்டில் ஜாபர் மச்சான் கட்டிலில் படுத்திருந்தார். ஸ்ட்ரோக். எட்டு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் பாதிதான். கட்டிலுக்கு எதிரே நீலச் சுவர். வாரா வாரம் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு, அவரைப் பார்த்தபடியேதான் அக்கா என்னிடம் ‘கடையில கீறாரு’ என்று சொல்லியிருக்கிறாள்.

“ஏன்க்கா சொல்லல?” என்று கத்தினேன். கத்த எனக்கு என்ன யோக்கியதை?

“சொல்லி? நீ தூரத்துல கீற. அங்க ஒக்காந்துகினு ஒன்னால இன்னா பண்ண முடியும்? ராவெல்லாம் தூங்காம கெடப்ப. குரூப்ல போட்டேன், நீதான் அதுல இல்லியே. சரி, அவனே ஆயிரம் வேலைல கீறான்னு வுட்டுட்டேன்.”

நான் அவளிடம் மறைத்ததற்கு வைத்திருந்த காரணமும் இதேதான், வார்த்தை மாறாமல்.

மச்சான் இடது கையைத் தூக்கி என் தோளைக் காட்டினார். கேமராப் பை. எடுத்துக் கட்டிலோரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். பூநாரைகளை வேகமாகத் தள்ளச் சொன்னார். ஆந்தை வந்ததும் விரலால் நிறுத்தினார். வெகுநேரம் பார்த்தார். “அ... டேயப்பா” என்றார், கோணிய வாயால். எனக்கு அது போதுமாக இருந்தது.

9

லாட்ஜைக் காலிசெய்ய அக்காவும் கூட வந்தாள். மச்சானைப் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொண்டாள். தனியே விட்டால் நான் இன்னொரு லாட்ஜுக்குப் போய்விடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

கவுண்ட்டரில் என் ஃபாரத்தைக் கேட்டேன். ஒரு கட்டத்தைத் திருத்தவேண்டும் என்றேன்.

“அப்லோடு ஆயிப்போச்சு சார். இனிமே மாத்த முடியாது” என்றபடி காகித நகலை மட்டும் எடுத்துப் போட்டார்.

“இன்னாடா அது?” என்றாள் அக்கா.

“ஒண்ணும் இல்...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன். “சொந்தக்காரங்க யாருன்னு கேட்டிருக்குக்கா. யாரும் இல்லன்னு எழுதிட்டேன்.”

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, கவுண்ட்டரில் நூல் கட்டித் தொங்கிய பேனாவை எடுத்தாள். கண்ணாடி கொண்டுவரவில்லை. காகிதத்தைத் தள்ளிப் பிடித்து, நான் எழுதிய ‘இல்லை’க்குப் பக்கத்தில் இருந்த கொஞ்சம் இடத்தில், தமிழில் தன் பெயரை எழுதினாள். கீழே மச்சான் பெயர். கதவு எண், தெரு.

“அம்மா, அது கம்ப்யூட்டர்ல ஏறாது. செல்லாதும்மா” என்றார் அவர்.

“செல்லாட்டி போவட்டும். எழுதினது இருக்கட்டும்” என்றாள் அக்கா.

இடம் போதவில்லை. ஊர்ப் பெயரை ஓரத்தில், காகிதத்தைத் திருப்பி, மேல்நோக்கி எழுதினாள். அது நகராமல் நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.